ஆமை வண்டியும் கை காட்ட ஒரு ஆளும்

பினாங்கில் பத்து வருஷமாக எங்கள் மளிகைக் கடை வேனை ஓட்டுகிறவள் நான். அரிசி மூட்டையோடு கைவண்டி நுழையாத சந்தில் நுழைந்து வந்திருக்கிறேன். அடைமழையில் மலைப்பாதை ஏறியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் புதுச்சேரியில் என் அக்கா கமலத்தின் வீட்டு வாசலில் நின்ற குட்டிக் காரின் கதவைத் திறந்து, ஜம்மென்று ஏறி உட்கார்ந்து, கையை நீட்டினால் அங்கே ஸ்டியரிங்கே இல்லை. எதிர்வீட்டு மாடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பிரெஞ்சு வண்டிடி நீலா. ஓட்டறவங்க இடது பக்கம்தான் குந்தணும்" என்றாள் அக்கா. பெட்டியை முன்னால் வைக்கச் சொன்னாள். முன்னால் இன்ஜின் இருக்குமே என்றேன். மூடியைத் தூக்கிக் காட்டினாள். காலி. இன்ஜின் பின்னால் இருந்தது. எல்லாமே தலைகீழாக இருந்த அந்த வண்டிக்குத் தெருக்காரர்கள் 'ஆமை' என்று பேர் வைத்திருந்தார்கள். பார்த்தால் ஆமை மாதிரியேதான் இருந்தது.

அக்கா ஒரு மருத்துவச்சி. பிரெஞ்சில் அதற்கு 'சாஜ்ஃபாம்' என்று பேர். ஊரார் வாயில் அவள் 'சாசுபாம்மா'. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் அவளோடு வேலை பார்த்த பிரெஞ்சு டாக்டர், ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டு மற்ற பிரெஞ்சுக்காரர்கள் எல்லாம் போன பிறகும் மூன்று வருஷம் இருந்துவிட்டு, நாலு மாதம் முன்னால்தான் கப்பலேறினார். போகும்போது வண்டிச் சாவியை அக்கா கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "டாக்டர்கிட்ட கொஞ்சம் ஓட்டக் கத்துக்கிட்டேன், ஆனா பரீட்சையில பெயிலாயிட்டேன். இங்க ஒரு டிரைவரும் எனக்குச் சொல்லித்தர மாட்டேங்கறான். நீ வா" என்று ஒரு கடிதம் போட்டாள். வந்துவிட்டேன்.

என்னை வரவேற்றதில் அத்தானுக்கு ஒரு குறையும் இல்லை. வாசலிலேயே சோடா உடைத்துக் கொடுத்தார். அவர் கோர்ட்டில் குமாஸ்தா. கஞ்சி போட்ட சட்டை, கையில் கடிகாரம், நடுவில் வகிடு. சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பாரும்மா நீலா, வெள்ளிக்கிழமை மறுபடி பரீட்சை. பாஸானா வண்டி இருக்கட்டும். இல்லன்னா சனிக்கிழமை கடலூர்லேருந்து ஒரு வியாபாரி வர்றாரு, குடுத்துடுவேன். பொண்டாட்டி ஓட்ட, புருஷன் பக்கத்துல குந்திக்கினு போவப்போறான்னு கோர்ட்டுல ஏற்கனவே சிரிக்கறாங்க."

அக்கா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது. ஆனால் கத்திரிக்காய் போட்ட நெத்திலிக் குழம்பு அப்படி இருந்தது, கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலையில் இந்த ஊரின் ரொட்டியைப் பார்த்தேன். முழ நீளம், மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் ரொட்டிக்குத் தேங்காய்ப்பால் ஜாம் தடவுவோம். இவர்கள் முதல்நாள் மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். சிரித்தேன். ஒரு துண்டு தின்று பார்த்தேன். அதன் பிறகு இருந்த நாளெல்லாம் ஜாமைப் பற்றி நினைக்கவே இல்லை.

அன்றைக்கு அக்கா ஓட்ட, நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். பெரிய வாய்க்கால் பாலத்தைத் தாண்டித் திரும்பப் போகும்போது அக்கா கத்தினாள்: "கை காட்டுடி!"

எனக்குப் புரியவே இல்லை. ஓட்டுகிறவள் அவள், கை நான் ஏன் காட்ட வேண்டும்? அப்புறம்தான் விளங்கியது. பினாங்கைப் போலவே இங்கேயும் சாலையில் இடது ஓரமாகத்தான் போகிறார்கள். ஓட்டுகிறவளும் இடது ஓரத்தில் இருக்கிறாள். அவள் கை நீட்டினால் சுவருக்கும் சாக்கடைக்கும்தான் தெரியும். பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமானால் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் கை காட்ட வேண்டும். மாட்டுவண்டியை முந்தும்போது எதிரே ஆள் வருகிறதா என்று எட்டிப் பார்த்து "போலாம்" சொல்வதும் அவர்தான். டாக்டர் இருந்த காலத்தில் அக்கா கை காட்டினாள். இப்போது அக்காவுக்குக் கை காட்ட ஆள் இல்லை. இருக்க வேண்டிய ஆளுக்குக் கோர்ட்டில் சிரிப்பார்களே என்ற பயம்.

வண்டியைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். எங்கள் வேன் குடிக்கிற பெட்ரோலில் கால்வாசிதான் குடித்தது. மாட்டுக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவில் புகுந்து வரும். நாலு பேர் உட்கார்ந்தால் முட்டி முகவாயில் இடிக்கும், அவ்வளவுதான். காலையில் பின்னால் இரும்புக் கம்பியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினால் இருமிக்கொண்டே எழுந்துவிடும். முன்னால் போகிற வரைக்கும் அக்காவும் நன்றாகவே ஓட்டினாள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கையை இறக்கும்வரை நின்று, கியரை அமைதியாக மாற்றி, அழகாகக் கிளம்புவாள்.

பின்னால் போகச் சொன்னால்தான் கதை கந்தல். போன பரீட்சையில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னபோது மாதா கோயில் வாசலில் இருந்த பூக்கூடையின் மேல் ஏற்றியிருக்கிறாள். இந்த முறை என் கண்ணெதிரில் தெருக்குழாயை இடித்தாள். அடுத்த நாள் பக்கத்து வீட்டுச் சுவரை இரண்டு முறை இடித்தாள். அதுவும் ஒரே இடத்தில்.

"இப்படி ஒடி, அப்படி ஒடி" என்று நான் கத்தக் கத்த அவள் மறுபக்கம் ஒடித்தாள். நானும் நல்ல வாத்தியார் இல்லை. பொறுமை என்பது எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் வாய்த்தது.

"முன்னால போறதுக்குத்தானே வண்டி? பின்னால எதுக்குடி போகணும்?" என்று ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப குடுத்துடேன் அந்தக் கடலூர்காரருக்கு" என்றேன் எரிச்சலில். சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போன ஐப்பசில அரியாங்குப்பத்துலேருந்து ஆள் வந்துது, நீலா. நல்ல மழை. புஷ்வண்டில ஏறிப் போனேன். ஆத்தங்கரைச் சேத்துல சக்கரம் மாட்டிக்கிச்சு. எறங்கி நடந்து, நான் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆச்சு. தாய் பொழைச்சிட்டா. புள்ள பொழைக்கல. சீக்கிரம் போயிருந்தா எடுத்திருப்பேன். அது எனக்கு நல்லாத் தெரியும்."

புஷ்வண்டி என்பது ஆள் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் வண்டி. ஊரைச் சுற்றிப் பார்க்க ஏறினால் சுகமாகத்தான் இருக்கும். பிரசவத்துக்குப் போக அது வண்டியே இல்லை. அன்றைக்குத்தான் நான் என்ன வேலைக்கு வந்திருக்கிறேன் என்று எனக்கு முழுசாக உறைத்தது. இந்த வண்டியை யாரும் கொண்டுபோக விடக்கூடாது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை. ரொட்டி வந்து, குழம்பில் கைவைத்த நேரம். பிள்ளைச்சாவடியிலிருந்து கன்னியப்பன் என்ற மீன்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். "சாசுபாம்மா, பொஞ்சாதிக்கு நோவு எடுத்துடுச்சு. சீக்கிரம் வாங்க!"

அவரைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு, அவசரம் என்பதால் நான் ஓட்டினேன். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு வலது பக்கம் உட்கார்ந்து கை காட்டினாள். வடக்கே போகும் சாலையில் பழைய சுங்கச்சாவடி ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு எல்லை இருந்த காலத்தில் எல்லா வண்டியையும் நிறுத்திச் சோதித்த இடம். இப்போது அங்கே ஒரு ஆடு மட்டும் படுத்திருந்தது. அப்படியும் எனக்கு முன்னால் போன மாட்டுவண்டிகள் எல்லாம் அந்த இடம் வந்ததும் தானாக நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பின. நானும் நின்றேன். ஆடு எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

கிராமத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பள்ளம். தூக்கிப் போட்டதில் என் கழுத்து மளுக்கென்றது. அதன் பிறகு இடமும் திரும்பவில்லை, வலமும் திரும்பவில்லை. குடிசைகளைத் தாண்டியதும் மணல். எங்கள் ஊர் ரப்பர்க் காட்டுச் சேற்றை எனக்குத் தெரியும். மணலைத் தெரியாது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்சக்கரம் இரண்டும் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அக்கா கதவைத் திறந்தாள், செருப்பை உதறினாள், பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கொதிக்கிற மணலில் ஓடினாள். நாற்பத்தைந்து வயதுக்காரி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியில் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் குடிசைக்குள்ளிருந்து ஒரு வீறல் கேட்டது. கன்னியப்பன் வெளியே ஓடி வந்து, யாரைக் கட்டிப் பிடிப்பது என்று தெரியாமல் காரின் முன்மூடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பெண் குழந்தை. தாயும் நலம்.

எங்களுக்கு அங்கேயே சாப்பாடு. சுடச்சுடச் சோறு, சங்கரா மீன் குழம்பு, சுட்ட மத்தி. குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். கழுத்து வலிக்க வலிக்க இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கன்னியப்பனின் மாமியார் ஒரு பெரிய கருவாட்டு மூட்டையைக் கொண்டுவந்து, வேண்டாம் வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொல்ல, வண்டியின் முன்மூடியைத் திறந்து உள்ளே வைத்தார்.

"வண்டிய நாங்க எடுத்து வுடறோம் தாயி. நீங்க தின்னுட்டு வாங்க" என்று அந்த ஊர்ப் பெரியவர் சிங்காரம் சொல்லியிருந்தார். நாங்கள் கைகழுவிக்கொண்டு வெளியே வந்தபோது பன்னிரண்டு பேர், வண்டிக்கு அடியில் கயிறு கோத்து, இரண்டு கழிகளைத் தோளில் போட்டு, ஏலேலோ பாடிக்கொண்டு ஆமையைப் படகு தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்ஜின் பின்னால் இருக்கிறதென்று ஒரு தடவை தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்து, பின்பக்கம் எட்டுப் பேர், முன்பக்கம் நாலு பேர் என்று நின்றிருந்தார்கள். பினாங்கில் இதற்குப் பட்டறையிலிருந்து ஆள் வர அரைநாள் ஆகும். நான் கை தட்டினேன்.

கெட்டியான தரையில் இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் வேர்வையைத் துடைத்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். வண்டி கடலைப் பார்த்து நின்றது. முன்னால் மணல், அதற்கு முன்னால் வங்காள விரிகுடா.

"ஐயா, ரோடு அந்தப் பக்கம்" என்றேன்.

சிங்காரம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூக்கு கடலைப் பாத்துத்தான் நிக்கணும் தாயி. எந்தக் கட்டுமரத்தைக் கரையேத்துனாலும் அப்பிடித்தான் வெப்போம். திருப்பி வெச்சா ஆவாது." மற்றவர்களும் தலையாட்டினார்கள். தொழிலுக்குப் போகிறது எதுவானாலும் அதன் மூக்கு கடலைப் பார்க்க வேண்டும். புள்ளை எடுக்க வந்த வண்டியும் தொழில் செய்கிற வண்டிதானே? மறுபடி தூக்கித் திருப்பி வைக்கச் சொன்னால் நல்லது நடந்த நாளில் அபசகுனமாகச் சொன்னதாகிவிடும். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

திருப்ப இடமில்லை. இரண்டு பக்கமும் மணல், பின்னால் குடிசைகளுக்கு நடுவே ஒரே ஒரு வண்டி நுழையும் சந்து. சாலைக்குப் போக வேண்டுமானால் முக்கால் பர்லாங்கு பின்பக்கமாகவே போக வேண்டும். ஒரு பக்கம் காயும் வலை, ஒரு பக்கம் பானை, அடுப்பு, கோழி. என் கழுத்தோ இம்மியும் திரும்பாது.

"அக்கா, நீதான்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. ஏறி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அதிசயமாக வாயை மூடிக்கொண்டேன். கழுத்து வலித்ததால்தான் மூடினேன், நல்ல புத்தியால் இல்லை. அக்கா திரும்பிச் சந்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் குடிசையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கையைக் கழுவுகிறவள் மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலா, இது கால் முன்னால வர்ற புள்ள மாதிரிதான்டி" என்றாள் மெதுவாக. "தலை முன்னால வந்தா எல்லாரும் எடுப்பாங்க. கால் வந்தா இழுக்கக் கூடாது. பதறக் கூடாது. அது வர்ற வழிக்கு வுட்டுக்கினு, கையால தாங்கிக்கினே போவணும். எத்தினி எடுத்திருக்கேன்! இதுக்குப் போய் பயந்துட்டேனே."

கியர் விழுந்தது. ஆமை பின்பக்கமாக நகர்ந்தது. வலையின் ஓரத்தைத் தொடாமல், பானையைத் தொடாமல், ஒரு கோழிக்காக நின்று, அது போன பிறகு மறுபடி கிளம்பி, நடையின் வேகத்தில் போனது. ஊரே வண்டியின் முன்னால் எங்களைப் பார்த்தபடி நடந்து வந்தது. சாலையில் பின்சக்கரம் ஏறியதும் பன்னிரண்டு பேரும் ஓவென்று கத்தினார்கள். அக்கா சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். அப்புறம், "கை காட்டுடி, திரும்பணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமைப் பரீட்சைக்கு நான் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். இன்ஸ்பெக்டர் புது ஆள், மெட்ராசிலிருந்து மாற்றலாகி வந்தவர். மீசையும் மிடுக்குமாக இருந்தார். முதலில் இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்று விறுவிறுவென்று முன்மூடியைத் தூக்கினார். கருவாட்டு மூட்டை! நாங்கள் இரண்டு பேருமே அதைச் சுத்தமாக மறந்திருந்தோம். மனுஷர் இரண்டடி பின்னால் போய்க் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்ஜின் பின்னாலங்க" என்றாள் அக்கா பணிவாக.

வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். கடற்கரை ரோட்டில் திரும்பும் இடம் வந்தது. "கை காட்டும்மா" என்றார் அதட்டலாக.

"நான் காட்டினா சுவருக்குத்தாங்க தெரியும். நீங்கதான் காட்டணும்."

இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கையை வெளியே நீட்டினார். அன்றைக்கு ஊர் முழுக்க அவர் கை காட்டினார். எதிரே வந்த சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர், மேலதிகாரி தனக்குத்தான் ஏதோ சைகை செய்கிறார் என்று நினைத்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

கடைசியில் ரிவர்ஸ். மாதா கோயில் வாசலிலிருந்து மூலை வரைக்கும் போகச் சொன்னார். அதே பூக்காரி, அதே இடம். அக்காவைக் கண்டதும் அந்த அம்மாள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அக்கா கையைத் தேய்த்துக்கொண்டாள், திரும்பிப் பார்த்தாள், எடுத்தாள். ரயில் தண்டவாளத்தில் போவதுபோல் வண்டி போனது. மூலை வந்தது. நிற்கவில்லை. அடுத்த மூலையும் வந்தது.

"போதும்மா! போதும்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆரம்பிச்சா முடிச்சுட்டுத்தாங்க விடுவேன்" என்றாள் அக்கா. தெரு முடிந்த பிறகுதான் நிறுத்தினாள். பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு முழம் மல்லிகையைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இந்த மாதிரி ரிவர்ஸ் எனக்கே வராது" என்று முணுமுணுத்தார். சந்தோஷத்தில் கழுத்து வலி மறந்துபோய்த் திரும்பிவிட்டேன். உயிர் போயிற்று.

அத்தான் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். சொன்ன சொல் தவறாதவர்தான். ஆனால் கடலூர்காரருக்கு ஆள் அனுப்பி வரவேண்டாம் என்று சொல்லவில்லை. "வர்றப்ப சொல்லிக்கலாம்" என்றார். அந்த இழுவை எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை. அத்தான் தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இடுப்பில் துண்டோடு, முற்றத்தில் சீயக்காய்க்குக் காத்திருந்தார். அரியாங்குப்பத்திலிருந்து ஆள் வந்தது. இரண்டு நாளாக வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே வர வேண்டும் என்றார் வந்தவர். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஐப்பசி மழை அதில் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடி வண்டியில் ஏறினாள்.

"நீலா, வாடி!"

என் கழுத்து அன்றைக்கு அநேகமாகச் சரியாகியிருந்தது. ஆனால் நான் தூணில் சாய்ந்து, கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அசைய முடியலியே அக்கா" என்றேன். இந்தப் பாவத்துக்கு எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் ஆள் இருந்தது. வந்த மனுஷர் வாசலில் நின்று தவித்துக்கொண்டிருந்தார். "கை காட்ட ஆள் வேணுங்க" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

அத்தான் கொடியில் கிடந்த சட்டையை எண்ணெய் மேலேயே மாட்டிக்கொண்டு வேகமாகப் போய் வலது பக்கம் ஏறினார். தெருமுனையில் வண்டி திரும்பும்போது எண்ணெய் மினுக்கும் ஒரு கை ஜன்னலுக்கு வெளியே நீண்டது.

கடலூர்காரர் பத்து மணிக்கு வந்தார். நல்ல மனுஷர். அவருக்கு ரொட்டியும் மீன் குழம்பும் வைத்தேன். பதினொன்று ஆனது. பன்னிரண்டும் ஆனது. கடைசியில் ஹாரன் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வாசலுக்குப் போனோம். ஆமை மூலையில் திரும்பியது. அதே கை வெளியே நீண்டிருந்தது, திரும்பி முடித்த பிறகும் உள்ளே போகவில்லை.

அக்கா இறங்கி வந்து என் தோளில் சாய்ந்தாள். "புள்ள பொழைச்சுதுடி. தாயும் பொழைச்சா" என்றாள்.

அத்தான் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். வகிடெல்லாம் கலைந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடலூர்காரர் முன்னால் வந்து, "வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாங்களா?" என்று கேட்டார்.

"வண்டி குடுக்கறதுக்கு இல்லீங்க, மன்னிக்கணும்" என்றார் அத்தான். "அரியாங்குப்பத்துக்கு இருபது நிமிஷத்துல போயிட்டோம். பாலத்துல எதிர்ல பஸ்ஸு, பின்னால லாரி, நடுவுல மாடு. ஒரு எடத்துலயும் நிக்கல."

பிறகு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, எதிர்வீட்டு மாடியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "கை காட்டினது நான்தான்."